500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்... 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய்! - கரன்ட் பில் சொல்லித்தரும் கோடிங்கின் முதல் பாடம்

ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கினால் போதும், தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும்.

"டேய், மீட்டர்ல எவ்வளவு ஓடியிருக்குன்னு பார்த்துட்டு வா."

"போன தடவை ரீடிங்கைக் கழிச்சா 486 வருதுப்பா."

"ஐயையோ... இன்னும் நாலு நாள் இருக்கே! ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஏசி போடணும், சொல்லிட்டேன். உங்க அம்மாகிட்டயும் சொல்லு."

இந்த அப்பாவின் பயத்துக்குக் காரணம் 500 என்ற எண். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் 1,958 ரூபாய். அந்தக் கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

அதன் பிறகு கட்டணங்கள் மாறியிருக்கின்றன. ஆனாலும் கணக்கு புரிவதற்கு 2022-ன் விகிதமே வசதியானது; முழு எண்களாகக் கைக்கு அடக்கமாக இருக்கிறது.

ரீடிங் எடுத்ததும் பில் தொகையைச் சொல்வது ஒரு கணினி நிரல். அந்த நிரலுக்கு ஏசி தெரியாது, அப்பாவின் பதற்றமும் தெரியாது. 'இந்த எண் 500-க்குள் இருக்கிறதா, இல்லையா?' என்ற கேள்வி மட்டும்தான் தெரியும். ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் இன்னொரு வழி. கோடிங் கற்க உட்காரும் எல்லோரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் 'இஃப்' என்ற சின்னச் சொல் செய்யும் வேலை இதுதான். தமிழில் இதை நிபந்தனைக் கூற்று என்கிறார்கள்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார்கள். இரண்டிலும் இஃப் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் 'கொடுத்த எண் ஒற்றையா, இரட்டையா' என்று ஒரு நிரல் எழுதி, அது ஓடியதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். 'இஃப்தானே... ஈஸி!' என்று தோன்றும் இடமும் அதுதான். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில், சம்பளம் வாங்கும் கைதேர்ந்த புரோகிராமர்கள் வழுக்கி விழுந்த இடமும் அதேதான்.

தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்!

முத்து அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியாளர் உருவாக்கிய 'எழில்' என்றொரு நிரல்மொழி இருக்கிறது. பைத்தானை அடித்தளமாகக் கொண்டு, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதுவதற்காகச் செய்யப்பட்ட திறந்த மூல மொழி. இதில் இஃப் என்பதற்கு 'ஆனால்', எல்ஸ் என்பதற்கு 'இல்லை', இரண்டுக்கும் நடுவில் வரும் எல்ஸ் இஃப் என்பதற்கு 'இல்லைஆனால்'. திரையில் காட்டு என்று சொல்ல 'பதிப்பி'.

ஆங்கிலத்தில் இஃப் முதலில் வரும், நிபந்தனை அதன் பின்னால் வரும். தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. 'மழை பெய்தால் குடை எடு' என்கிறோம். நிபந்தனை முதலில் வந்து, அதன் வாலில் 'ஆல்' ஒட்டிக்கொள்கிறது. எழில் மொழியும் அதே வரிசையில் போகிறது: முதலில் நிபந்தனை, அதன் பிறகு 'ஆனால்'. 'அழகான ஊர், ஆனால் தண்ணீர் இல்லை' என்று சொல்லும்போது வருகிற ஆனால் இதுவல்ல. 'மணி பத்து ஆனால் விளக்கை அணை' என்று பாட்டி சொல்வாரே, அந்த ஆனால்!

சரி, கரன்ட் பில்லுக்கு வருவோம். 2022-ன் கணக்கு இப்படி: முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். இதை எழில் மொழியில் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

யூனிட் = 486
@( யூனிட் <= 100 ) ஆனால்
    கட்டணம் = 0
@( யூனிட் <= 200 ) இல்லைஆனால்
    கட்டணம் = (யூனிட் - 100) * 2.25
@( யூனிட் <= 400 ) இல்லைஆனால்
    கட்டணம் = 225 + (யூனிட் - 200) * 4.50
@( யூனிட் <= 500 ) இல்லைஆனால்
    கட்டணம் = 1125 + (யூனிட் - 400) * 6
இல்லை
    கட்டணம் = 1950 + (யூனிட் - 500) * 8
முடி
பதிப்பி கட்டணம்

<= என்பது 'குறைவாகவோ சமமாகவோ இருந்தால்' என்று அர்த்தம். * என்பது பெருக்கல். 225 என்பது முதல் 200 யூனிட்டுக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தொகை. 1125 என்பது முதல் 400 யூனிட்டுக்கானது. அப்பாவின் 486 யூனிட்டைக் கொடுத்தால், 1125 உடன் 86 ஆறுகள் சேர்ந்து 1,641 ரூபாய் வரும்.

கடைசி 'இல்லை'யில் இருக்கும் 1950-ஐக் கவனியுங்கள். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.25 ரூபாய் சலுகை காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் என்று பழைய கணக்கே மாறிவிடுகிறது. 300 யூனிட்டுக்கு 1,350 ரூபாய், அடுத்த 100-க்கு 600 ரூபாய், ஆக 1,950. பிறகு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய். 501-ல் பில் எகிறும் ரகசியம் இவ்வளவுதான். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாண்டியதும் கீழே இருக்கும் யூனிட்களின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பது, இந்த நிரலை எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

வாரியம் நமக்குத் தர வேண்டிய 975 ரூபாய்!

இனிதான் வேடிக்கை. மேலே இருக்கும் ஏணியில் படிகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். '500-க்குள்' என்ற படியை முதலில் வைத்துவிட்டு, '100-க்குள்' என்ற படியைக் கீழே தள்ளிவிடுங்கள். பார்ப்பதற்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. எல்லா நிபந்தனைகளும் இருக்கின்றன, எல்லாக் கட்டணங்களும் சரியாகவே இருக்கின்றன.

இப்போது 50 யூனிட் மட்டுமே பயன்படுத்திய ஒரு வீட்டின் எண்ணைக் கொடுங்கள். நிரல் மேலிருந்து கீழே வரும். முதல் கேள்வி: 50 என்பது 500-க்குள் இருக்கிறதா? இருக்கிறது. அவ்வளவுதான், கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 50-லிருந்து 400-ஐக் கழித்து, ஆறால் பெருக்கி, 1125-ஐக் கூட்டும். விடை: மைனஸ் 975. அதாவது, மின்வாரியம் அந்த வீட்டுக்கு 975 ரூபாய் தர வேண்டும்! கற்பனை செய்யவே நன்றாகத்தான் இருக்கிறது.

படிகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு, 'இல்லைஆனால்' வர வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் 'ஆனால்' போட்டுத் தனித்தனி நிபந்தனைகளாக எழுதினாலும் இதே மைனஸ் 975 வரும். தொடக்கநிலை மாணவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இது. 50 என்பது 100-க்குள்ளும் இருக்கிறது, 200-க்குள்ளும் இருக்கிறது, 400-க்குள்ளும் 500-க்குள்ளும் இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால் நான்கு முறையும் 'ஆம்' என்றே பதில் வரும். முதலில் 0 என்று சரியாகப் போட்ட விடையை அடுத்தடுத்த மூன்று 'ஆம்'கள் அழித்து எழுதிவிடும். 'இல்லைஆனால்' என்ற சொல்லில் இருக்கும் 'இல்லை' சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 'மேலே சொன்னது எதுவும் பொருந்தவில்லை, அதனால் இப்போது இதைக் கேட்கிறேன்' என்று அது சொல்கிறது.

இப்படி மைனஸில் விடை வந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க முடியாத தவறுகள்தான் ஆபத்து.

ஒரே ஒரு 'சமம்' குறியின் விலை

'யூனிட் <= 500' என்று எழுத வேண்டிய இடத்தில் 'யூனிட் < 500' என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 'குறைவாகவோ சமமாகவோ' என்பது வெறும் 'குறைவாக' என்று ஆகிவிட்டது. 499-ஐக் கொடுத்தால் விடை சரி. 501-ஐக் கொடுத்தாலும் சரி. ஆயிரம் எண்களைச் சோதித்தாலும் சரியாகவே இருக்கலாம். சரியாக 500 யூனிட்டில் நிறுத்திய வீட்டுக்கு மட்டும் 1,725 ரூபாய்க்குப் பதில் 1,950 ரூபாய் பில் வரும். ஏசியை அணைத்து, வாஷிங் மெஷினைத் தள்ளிப்போட்டு, கஷ்டப்பட்டு எல்லையில் நின்ற குடும்பத்துக்கு 225 ரூபாய் அபராதம்! அவர்கள் கேட்டாலும், 'கம்ப்யூட்டர் போட்ட கணக்குங்க, தப்பா வராது' என்ற பதில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

எல்லை எண்களைச் சோதிக்காமல் ஒரு நிரலை 'முடிந்தது' என்று சொல்லக் கூடாது என்பதற்கு இந்த 225 ரூபாய் போதும். இந்தக் கட்டண நிரலுக்கு 100, 101, 200, 201, 400, 401, 500, 501 ஆகிய எட்டு எண்களையும் கொடுத்துப் பார்த்தாக வேண்டும். 37, 150, 320 என்று வாய்க்கு வந்த எண்களைக் கொடுத்துச் சோதிப்பதில் நேரம்தான் போகும்.

இந்த 'சமம்' விஷயத்தில் பழைய காலத்து மொழி ஒன்று கறாராக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1957-ல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இஃப் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு கணக்கின் விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் எங்கே போவது, சரியாகப் பூஜ்யம் என்றால் எங்கே போவது, மேலே என்றால் எங்கே போவது என்று மூன்றையும் புரோகிராமர் எழுதியே ஆக வேண்டும். படிக்கக் கரடுமுரடாக இருந்ததால், பிறகு வந்த மொழிகள் அதைக் கைவிட்டன. ஆனால், 'சரியாக எல்லையில் நின்றால் என்ன செய்வாய்?' என்று கேட்காமல் அது யாரையும் விட்டதில்லை. இன்றைய மொழிகள் அப்படிக் கேட்பதில்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'மற்றும்' எங்கே... 'அல்லது' எங்கே?

பிளஸ் டூ மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு நிபந்தனை: செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் தேர்ச்சி பெற, மொத்தம் 100-க்கு 35 வாங்க வேண்டும். 70 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வில் குறைந்தது 15-ம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள், நடுவில் 'மற்றும்'.

இந்த இடத்தில் கைதவறி 'அல்லது' போட்டுவிட்டால்? எழுத்துத் தேர்வில் 12-ம், செய்முறையில் முழுசாக 30-ம் வாங்கிய மாணவருக்கு மொத்தம் 42. விதிப்படி தேர்ச்சி இல்லை. 'அல்லது' போட்ட நிரல் அவரைத் தேர்ச்சி என்று காட்டும். எழுத்தில் 16, செய்முறையில் 17 என்று மொத்தம் 33 வாங்கியவரையும் தேர்ச்சி என்றே காட்டும். பேச்சு வழக்கில் 'மற்றும்', 'அல்லது' இரண்டையும் நாம் தாராளமாகக் குழப்பிக்கொள்கிறோம். 'பையும் பர்ஸும் இருந்தா உள்ளே விடாதீங்க' என்றால், பை மட்டும் வைத்திருப்பவரை விடலாமா, வேண்டாமா? வாசலில் நிற்கும் காவலாளி சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கணினி புரிந்துகொள்ளாது.

யாருமே நினைக்காத 366-வது நாள்

2008 டிசம்பர் 31. அமெரிக்காவில் காலையில் எழுந்து பாட்டு கேட்க நினைத்த பலருக்கு அதிர்ச்சி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஸூன்' என்ற பாட்டுக் கருவியின் 30 ஜி.பி. மாடல்கள் ஒரே நாளில் உறைந்து நின்றன. திரையில் லோகோ வரும். அதற்கு மேல் எதுவும் நகராது. ஐபாடுக்குப் போட்டியாக 2006-ல் வந்த கருவி அது.

காரணம், கருவிக்குள் இருந்த கடிகார நிரல். 1980 தொடங்கி எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று எண்ணி வைத்து, அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டாகக் கழித்து, இது எந்த ஆண்டு என்று அது கண்டுபிடிக்கும். அந்தப் பகுதியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும் ('வரை' என்றால், நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று பொருள்):

@( நாள் > 365 ) வரை
    @( லீப்_ஆண்டா(ஆண்டு) ) ஆனால்
        @( நாள் > 366 ) ஆனால்
            நாள் = நாள் - 366
            ஆண்டு = ஆண்டு + 1
        முடி
    இல்லை
        நாள் = நாள் - 365
        ஆண்டு = ஆண்டு + 1
    முடி
முடி

நிதானமாகப் படித்துப் பாருங்கள். 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-வது நாள். ஆண்டுகளைக் கழித்துக்கொண்டே வந்து, 2008-ல் நிற்கும்போது கையில் மிச்சம் 366. அது 365-ஐ விட அதிகமா? ஆமாம், உள்ளே வா. லீப் ஆண்டா? ஆமாம். 366-ஐ விட அதிகமா? இல்லை, சரியாக 366. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? எழுதவில்லை! உள்ளே இருக்கும் அந்த 'ஆனால்'-க்கு ஓர் 'இல்லை' கிடையாது. எதையும் கழிக்காமல் நிரல் மறுபடி மேலே போகும். 366 என்பது 365-ஐ விட அதிகமா? ஆமாம்... இப்படியே முடிவே இல்லாத சுற்று.

நிறுவனம் சொன்ன வைத்தியம் எல்லோரையும் சிரிக்க வைத்தது. பேட்டரி தானாகத் தீர்ந்து போகட்டும், கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1 நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்றார்கள். தேதி மாறியதும் கருவி தானாகவே சரியாகிவிட்டது. 366 போய்விட்டதல்லவா!

இந்தத் தவறு கருவி விற்பனைக்கு வந்த நாள் முதல் உள்ளேயே இருந்தது. 2007 முழுக்கவும், 2008-ல் 365 நாளும் அது வெளியே தெரியவில்லை. அந்த நிரலை எழுதியவருக்கு லீப் ஆண்டு தெரியும், அதற்கென்று தனி நிபந்தனையே வைத்திருக்கிறார். நாள் 366-க்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர், சரியாக 366 ஆக இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அங்கே நின்றது பாட்டுக் கருவி என்பதால் சிரிப்போடு போயிற்று. மருந்தின் அளவைக் கணக்கிடும் கருவிக்குள்ளும், ரயில் சிக்னலுக்குள்ளும் இதே மாதிரி நிபந்தனைகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வரி தள்ளி இருந்தால் உள்ளே இருக்கிறதா?

பைத்தான் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி அலுத்துக்கொள்வது, 'ஸ்பேஸ் தப்பா போச்சுன்னு எரர் காட்டுது' என்று. பைத்தானில் இஃப்-க்குக் கீழே வரும் வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். எது உள்ளே தள்ளி இருக்கிறதோ, அது மட்டும்தான் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. சி, சி++ போன்ற மொழிகளில் அப்படி இல்லை. அங்கே நெளிவு அடைப்புக்குறி போட்டுத்தான் எல்லையைச் சொல்ல வேண்டும். போடாவிட்டால், இஃப்-க்கு அடுத்த ஒரே ஒரு வரி மட்டும் அதற்குச் சொந்தம். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றிக் கணினிக்குக் கவலை இல்லை.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஓர் அப்டேட் வெளியிட்டது. இணையத்தில் நாம் பேசுவது உண்மையான வங்கியோடுதானா, வேறு யாரோடாவதா என்று சரிபார்க்கும் சி மொழி நிரலில், ஓர் இஃப்-க்குக் கீழே இருக்க வேண்டிய வரி இரண்டு தடவை வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லை. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி, பார்க்க ஒழுங்காகவே இருந்தன. ஆனால், முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடி, மிச்சம் இருந்த சோதனைகளைத் தாண்டிக் குதித்தது. ஒரு வரி இரண்டு முறை வந்ததால், உலகம் முழுக்க இருந்த கருவிகளின் பூட்டு திறந்தே கிடந்தது. பைத்தானின் ஸ்பேஸ் எரரைத் திட்டும் முன் ஒரு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சமம் குறியில் இன்னொரு பொறியும் உண்டு. பல மொழிகளில் ஒற்றை = என்றால் 'இதை அதில் போட்டு வை'; இரட்டை == என்றால் 'இரண்டும் சமமா?' என்ற கேள்வி. 2003 நவம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மூல நிரல் நகல் ஒன்றில் யாரோ கள்ளத்தனமாக இரண்டு வரிகளை நுழைத்தார்கள். 'இவர் நிர்வாகியா?' என்று சோதிப்பது போல் தோன்றும் இடத்தில் இரட்டைக்குப் பதில் ஒற்றைக் குறி. அது கேள்வி கேட்காமல், வந்தவரை நிர்வாகியாகவே ஆக்கிவிடும்! நல்லவேளையாக, நகலும் அசலும் ஒத்துப்போகவில்லை என்று உடனே கண்டுபிடித்துத் தூக்கிவிட்டார்கள். பைத்தானில் இஃப்-க்குள் ஒற்றைக் குறி போட்டால் நிரல் ஓடவே ஓடாது. தொடக்கநிலையினருக்கு அது பெரிய பாதுகாப்பு.

உங்கள் வீட்டு மீட்டரோடு ஒரு மணி நேரம்

கோடிங் வகுப்புகளுக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். கேம் செய்யலாம், ஆப் செய்யலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. அவற்றுக்கு முன்னால், சொந்த வீட்டு கரன்ட் பில்லைக் கணக்குப் போடும் பத்து வரி நிரல் ஒன்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது நல்லது. செலவில்லை. பைத்தானை மொபைல் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான் 3-ல் 'யூனிட்', 'கட்டணம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். விடை சரியா என்று பார்க்க ஆசிரியர்கூடத் தேவையில்லை. இப்போது நடப்பில் இருக்கும் விகிதத்தைப் போட்டு, கையில் இருக்கும் பில்லோடு ஒப்பிட்டால் போதும். கோடிங் தெரியாத அப்பாவும் இதில் வாத்தியார்தான். கட்டண அடுக்கு அவருக்குத்தானே மனப்பாடம்!

மேலே கொடுத்த நிரல் 600 யூனிட் வரைதான் சரியாக வேலை செய்யும். 2022 விகிதப்படி 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு 9 ரூபாய், 801 முதல் 1,000 வரை 10 ரூபாய், அதற்கு மேல் 11 ரூபாய். 700 யூனிட்டைக் கொடுத்தால் நம் நிரல் 3,550 என்று காட்டும். சரியான விடை 3,650. ஏணியில் இன்னும் எத்தனை படி சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஆரம்பத் தொகை என்ன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அது முடிந்ததும் இன்னொன்று. மீட்டர் பழுதாகிப் புது மீட்டர் மாட்டினால், எண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய ரீடிங் 41,250. புது மீட்டரில் ரீடிங் 180. கழித்தால் மைனஸ் 41,070 யூனிட். அது 100-க்குள் இருக்கிறதா? இருக்கிறது! நம் நிரல் யோசிக்காமல் 'கட்டணம் 0' என்று போட்டுவிடும்.

இதைத் தடுக்க 'யூனிட் < 0' என்று ஒரு படி சேர்க்க வேண்டும். ஏணியின் மேலே சேர்ப்பதா, கீழே சேர்ப்பதா? இரண்டு இடத்திலும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.